பூச்சு காயும் வரை

டாக்டரம்மாவின் குடைக்கு ஓர் உறை உண்டு. மழை வந்தால் முதலில் அந்த உறையைக் கழற்றி, நான்காக மடித்து, நனையாமல் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடுவார். பிறகுதான் குடையை விரிப்பார். அதற்குள் பாதி நனைந்திருப்பார்.

ஆம்பூர் பஜாரில், ஷூவுக்கு அடிப்பாகம் விற்கிற கடைக்கு மேல் மாடியில் அவருடைய பல் கிளினிக் இருந்தது. பின்பக்கத்து அறையில் அவரே குடியிருந்தார், தனியாக. காத்திருப்பவர்கள் உட்காரும் சோஃபாவைக் கடையிலிருந்து சுற்றி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் கடைசி வரை அதன் மேல்தான் இருந்தது. வெயில் காலத்தில் அது முதுகில் ஒட்டிக்கொள்ளும். எழுந்தால் பர்ரென்று சத்தம் வரும். கூச்சப்படுகிறவர்கள் எழுந்திருக்கவே யோசிப்பார்கள்.

வாணியம்பாடியிலிருந்து ஒரு தோல் வியாபாரி பாய் வருவார். அவர் மட்டும் வேண்டுமென்றே சத்தம் வரும்படி எழுந்திருப்பார்.

"இன்னா டாக்டர்மா, இந்த சோஃபா தோலை எப்ப உரிக்கப் போறீங்க? நம்ம ஆளுங்கள அனுப்பட்டுமா?"

"உரிச்சா அழுக்காயிடும் பாய்."

"அழுக்கானாத்தான் அது சோஃபா. இல்லன்னா அது பார்சல்."

டாக்டரம்மா சிரிப்பார். உறை அப்படியே இருக்கும்.

அந்தக் கிளினிக்கில் நான் பல வருஷம் உதவிக்கு இருந்தேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பல் டாக்டர் பக்கத்தில் நிற்க அது போதும் என்று அவர்தான் சொன்னார். நோயாளியின் வாயில் பஞ்சு பிடிப்பது, சிமெண்ட் குழைப்பது, கருவிகளைக் கழுவிக் கொதிக்க வைப்பது என் வேலை. இப்போது அந்த மாடியில் யாரோ டியூஷன் நடத்துகிறார்கள். டாக்டரம்மா வேலூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அவரை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்பே ஒரு சொல்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. "இறுகட்டும்."

சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்தக் குழியில் வெள்ளை சிமெண்ட் அடைப்பார். ஒரு பொடி, ஒரு திரவம். சேர்த்துக் குழைத்ததும் மினுமினுவென்று இருக்கும். மினுமினுப்புப் போவதற்குள் பல்லில் வைத்துவிட வேண்டும். சில நிமிஷத்தில் கெட்டியாகிவிடும். வந்தவர்கள் நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று நாற்காலியிலிருந்து எழப் பார்ப்பார்கள். அவர் தோளைப் பிடித்து உட்கார வைப்பார்.

"வெளிய தொட்டா கல்லு மாதிரி இருக்கும். உள்ள இன்னும் பச்சப்புள்ள. பலம் வர ஒரு நாள் ஆவும். இறுகட்டும்."

அந்த ஒரு நாளைக்குத்தான் பூச்சு. வார்னிஷ் மாதிரி ஒரு மருந்து. சின்ன பிரஷ்ஷால் அடைப்பின் மேல் மெல்லியதாகத் தடவி, காற்று ஊதிக் காயவைப்பார். பூச்சு போடுவதற்கு முன் எச்சில் பட்டால் சிமெண்டின் மேல்புறம் கரைந்து சுண்ணாம்பு போல வெளுத்துவிடும். ஒரேயடியாகக் காய்ந்துபோனாலும் வெடித்துவிடும். அதனால் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பஞ்சு உருளை வைத்து, பூச்சு காயும் வரை நான் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பேன். காய்ந்த பிறகு ஒரு மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, டீ குடிக்கக் கூடாது, பேசக் கூடாது. கடைசியாகச் சொன்னதை வேறெந்தப் பல் டாக்டரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது அவராகச் சேர்த்துக்கொண்டது. பேசினால் கன்னம் உரசுமாம்.

பாய்க்கு ஒரு கஷ்டம் இருந்தது. தொழுகைக்கு முன்னால் வுஜு செய்யும்போது வாய் கொப்பளிக்க வேண்டும். டாக்டரம்மா அதற்கும் வழி வைத்திருந்தார்.

"சாயங்காலம் அஸர் தொழுதுட்டு நேரா இங்க வந்துடுங்க. பொழுது சாஞ்சு மக்ரிப்பு வர்றதுக்குள்ள பூச்சு நல்லா புடிச்சுக்கும். அப்புறம் மெதுவா கொப்பளிங்க."

"எங்க தொழுகை டைமே உங்க வார்னிஷுக்குத் தோதா வச்ச மாதிரி இருக்குது டாக்டர்மா."

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருந்து வருகிற எல்லாப் பாய்மார்களுக்கும் அந்த நேரத்தைத்தான் கொடுப்பார். அவ்வளவு அக்கறை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நானும் அவரிடம் முதலில் பல்லோடுதான் போனேன். அப்போது ஷூ கம்பெனியில் தையல் ஹாலில் இருந்தேன். ஒவ்வொருத்தி கழுத்திலும் நூல் வெட்டச் சின்னக் கத்தரிக்கோல் தொங்கும். ஆனால் பீஸ் வேகமாக வந்துகொண்டிருக்கும்போது அதைத் தேடி எடுக்க யாருக்கு நேரம்? பல்லாலேயே கடித்து அறுப்போம். "சாமி குடுத்த கத்தரி இருக்குறப்ப கம்பெனி கத்தரி எதுக்குடீ?" என்பார்கள் பக்கத்தில் இருப்பவர்கள். அந்த நைலான் நூல் வருஷக்கணக்கில் அறுத்து, என் முன்பல்லின் ஓரத்தில் ஒரு வெட்டு விழுந்துவிட்டது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போகும்.

டாக்டரம்மா அடைத்துவிட்டு, "ஒரு நாள் நூல் கடிக்காத" என்றார்.

"நாளைக்கு ஷிப்டு இருக்குதும்மா" என்றேன்.

மறுநாளே பாதி பெயர்ந்துவிட்டது. திரும்பவும் போனேன். திட்டவில்லை. என் கையைப் பிடித்து நகத்தில் ஒட்டியிருந்த சொல்யூஷன் பசையைப் பார்த்தார். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். கணவர் தவறிப்போனதையும், மாதனூரில் அண்ணன் வீட்டில் இருப்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டார். "அந்த வேலைய விட்டுரு. இங்க வந்துடு" என்றார். நான் போய்விட்டேன். என் மூச்சிரைப்பு நின்றது. இன்று வரை அதற்கு அவருக்கு நன்றி சொல்கிறேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்ட விதத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிட்டுத் தன் சாப்பாட்டைக் கொடுப்பார். மதியம் கடைத்தெருவில் ஆண்கள் நிற்பார்கள் என்று மாடிப்படிக் கதவை உள்பக்கம் தாழ் போட்டுவிடுவார். ஜன்னலுக்குக் கண்ணாடி, அதன் மேல் கொசு வலை, அதன் மேல் திரை. கீழே ரோட்டில் என்ன நடக்கிறது என்பது எனக்குச் சத்தமாகத்தான் தெரியும். சாயங்காலம் கம்பெனி பஸ்கள் வரிசையாக ஹார்ன் அடித்துப் போகும். நான் கிளம்பும்போது தினமும், "வீட்டுக்குப் போனதும் போன் பண்ணு" என்பார். பஸ் கிடைக்காமல் கொஞ்சம் தாமதமானால் அண்ணன் போனுக்கே கூப்பிட்டுவிடுவார்.

வருகிற பெண்கள் என்னிடம், "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்பார்கள். நான் வாய் திறப்பதற்குள் அவர் சொல்வார்.

"அவகிட்ட கேக்காதீங்க. பயந்த சுபாவம். மாதனூர்."

நான் கூச்சப்படுகிறவள்தான். ஆனால் தையல் ஹாலில் அத்தனை பெண்களோடு சண்டையும் போட்டிருக்கிறேன், சிரித்தும் இருக்கிறேன். பயந்தவள் என்று எனக்கே தெரியாது. அவர் சொல்லச் சொல்ல அப்படியே ஆகிவிட்டேன். ஒரு தடவை மருந்துக் கடையில் பஞ்சு வாங்கப் போனேன். "இன்னா வேணும்?" என்று கடைக்காரர் கேட்டதும் வார்த்தை வரவில்லை. விரலை நீட்டிக் காட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். டாக்டரம்மா, "நான்தான் சொன்னேனே, உன்னால முடியாதுன்னு. இனிமே நானே போன்ல சொல்லிடறேன்" என்றார். அவர் குரலில் அவ்வளவு பிரியம் இருந்தது.

ஒரு சமயம் மருந்துக் கம்பெனி ஆள் புதிதாக ஒரு பூச்சு கொண்டுவந்தார். நீல விளக்கைக் காட்டினால் உடனே இறுகும், அடைப்புக்கு இரட்டிப்புப் பலம் தரும் என்றார். "நீங்க சொல்லிட்டா ஆச்சா?" என்று டாக்டரம்மா அவரை அனுப்பிவிட்டு, கூல்டிரிங்க் உறிஞ்சும் குழாயைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டச் சொன்னார். நான் குழைத்துக் கொடுத்த சிமெண்டை அதற்குள் அடைத்து, இறுகியதும் குழாயைப் பிரித்தார். சாக்பீஸ் துண்டுகள் மாதிரி வரிசையாகக் கிடந்தன. ஒன்றுக்கு எதுவும் பூசவில்லை. ஒன்றுக்கு வேஸ்லின். ஒன்றுக்குப் பழைய வார்னிஷ். ஒன்றுக்குப் புதுப் பூச்சு. எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டு வைத்தார். எதுவும் பூசாத இன்னொன்றை ஃபேனுக்குக் கீழே வைத்தார்.

மறுநாள் கதவைத் தாழ் போட்டுவிட்டு இடுக்கியை எடுத்தார். ஃபேனுக்குக் கீழே இருந்தது தானாகவே கோடு கோடாக வெடித்திருந்தது. தண்ணீரில் பூச்சில்லாமல் கிடந்தது மாவாக நொறுங்கியது. வேஸ்லின் தடவியது கொஞ்சம் தாங்கி உடைந்தது. வார்னிஷ் நன்றாகத் தாங்கியது. புதுப் பூச்சு போட்டதை உடைக்க இரண்டு கையாலும் அழுத்தினார். முகமெல்லாம் சிவந்துபோய், சின்னப் பெண் மாதிரி குதித்தார்.

"பாத்தியா! பாத்தியா! சிமெண்ட் எல்லாம் ஒரே சிமெண்ட்தான். மேல போடறதுதான் வித்தியாசம்."

அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருந்ததால் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது.

"இந்தப் பூச்சு எத்தினி நாளைக்கும்மா இருக்கும்?"

"பல்லு தேய்க்கத் தேய்க்க, மெல்ல மெல்ல, தானா போய்டும்."

"போய்ட்டா?"

"போகட்டுமே. அதுக்குள்ள உள்ள இருக்கறது இறுகியிருக்கும். அப்புறம் எதுக்கு அது?"

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நொறுங்கிய துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவை ஒரு கவரில் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஷூ கம்பெனியில் இருந்த ஒரு சூப்பர்வைசர், பல் வலி தீர்ந்த நன்றிக்கு வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிற பெண்கள் ஷூ ஒரு ஜோடியை அவருக்குக் கொடுத்திருந்தார். மெத்தென்ற அடிப்பாகம், கறுப்புத் தோல். டாக்டரம்மா அதை வந்த பெட்டியிலேயே, உள்ளே திணித்திருந்த தாளோடு வைத்திருந்தார். எந்த விசேஷமும் அதற்கு ஏற்றதாக அவருக்குத் தோன்றவில்லை. கடைசியில் வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டார். மாடிப்படி இறங்குவதற்குள் அடிப்பாகம் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. படி முழுக்கக் கறுப்புத் துண்டுகள். அவர் ஷூவின் மேல்தோலை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றார்.

அந்தச் சூப்பர்வைசர் பிறகு வந்தபோது சொன்னார்: "இந்தச் சோலு போட்டு நடந்தா வருஷக்கணக்கா உழைக்கும் டாக்டரம்மா. போடாம பெட்டியில வச்சா அதுவா உதிர்ந்துடும்."

அவர் போனதும் டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "அதெல்லாம் இல்ல. பெட்டிய நான் சரியா மூடல."

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் தையல் ஹாலில் இருந்தபோது எங்களை ஏற்றிச் சென்ற கம்பெனி பஸ்ஸின் டிரைவர் மாதனூர்க்காரர். மனைவி இறந்துவிட்டார். ஒரே பெண்ணை ஒடுகத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். என்னைக் கல்யாணம் செய்துகொள்ள அண்ணனிடம் கேட்டார். எனக்கு விருப்பம்தான். அண்ணிக்கும் சந்தோஷம். ஆனால் அண்ணன், "டாக்டரம்மாவ கேட்டுக்க. அவங்க சரின்னா எனக்கும் சரி" என்றார். படித்தவர், பெரிய மனுஷி, என்னைக் காப்பாற்றியவர். அவர் பேச்சை மீற அண்ணனுக்கு மனசில்லை.

நான் எப்படிக் கேட்பது? அண்ணனே போனில் சொன்னார். டாக்டரம்மா, "நல்ல விஷயம்தான். அவசரப்படாதீங்க. ஒரு வருஷம் போகட்டும்" என்றார். ஒரு வருஷம் போனது. அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அண்ணன் மறுபடியும் கேட்டதற்கு, "அந்த ஆள ஒரு தடவ நான் பாக்கணும்" என்றார்.

அப்படித்தான் டிரைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளினிக்குக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரியிருந்தார். சோஃபாவில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். டாக்டரம்மா அவரைப் பார்த்ததும், "பல்ல காட்டுங்க" என்றார். அவர் காட்டினார். ஈறு ஓரத்தில் ஒரு பல் தேய்ந்து குழியாகியிருந்தது.

"முதல்ல இத அடைச்சிடுவோம். உக்காருங்க."

பேச வந்தவர் நாற்காலியில் படுத்தார். நான் பஞ்சு உருளைகளை வைத்தேன். அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிமெண்ட் குழைத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா அடைத்தார். பிறகு விளக்கை அவர் முகத்துக்கு நேரே இழுத்துவிட்டு, தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

"குடிப்பீங்களா?"

"ஆ... ஆ-ஆ."

"குடிப்பேங்கறாரா, குடிக்க மாட்டேங்கறாரா?" என்று என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே வாய் வரும்? டிரைவர் தலையை ஆட்டப் பார்த்தார்.

"தலைய ஆட்டாதீங்க. அடைப்பு போய்டும். உங்க அம்மா கூடத்தான் இருக்காங்களா? மருமககிட்ட சண்டை போடற ஆளா?"

"ஆ..."

"அதான் நெனச்சேன். தங்கச்சி வேற இருக்கும். இதோ பாருங்க, இவ மத்த பொண்ணுங்க மாதிரி இல்ல. இப்பத்தான் கொஞ்சம் தேறி வர்றா. சத்தம் போட்டு ஒரு வார்த்தை கேட்டா தாங்க மாட்டா. உங்க வீடு, தெரு, நாலு பேரு பேச்சு, இதெல்லாம் இவளால முடியாது. இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும். நான் சொல்றேன், அப்ப பாக்கலாம். சரிதானே?"

அவர் கண் விளக்கைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. ஓரத்தில் நீர் கோத்திருந்தது. வெளிச்சத்தினால் இருக்கும்.

"பாத்தியா, ஒண்ணும் சொல்லல. அவருக்கும் சம்மதம்தான்." டாக்டரம்மா பூச்சு பாட்டிலின் மூடியைத் திருகத் திரும்பினார்.

இரண்டு வருஷம் என்று அண்ணனுக்கு இன்றைக்கே போன் போய்விடும். அண்ணன் சரி என்பார். இரண்டு வருஷம் கழித்து இன்னொரு வருஷம். எனக்கு வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். ஒருவர்தான் பேசினார். ஒருவர் வாயில் பஞ்சு. அந்தப் பஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது என் விரல்.

வெளியே எடுத்துவிட்டேன். கன்னத்தில் இருந்ததை, பிறகு நாக்கின் கீழ் இருந்ததை.

"ஏய்! இன்னாடி பண்ற? பூச்சு போடல இன்னும்!"

"அவரு பேசட்டும்மா."

என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது. டிரைவர் வாயை மூடினார், எச்சிலை விழுங்கினார், எழுந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமெல்லாம் முடியாதும்மா. தை மாசம் வச்சுக்கலாம்னு இருக்கேன். குடிக்கிற பழக்கம் கெடையாது, பஸ்ஸு ஓட்டறவன். எங்கம்மா போய் ரொம்ப காலம் ஆச்சு. தங்கச்சியே இல்ல எனக்கு. யார கேட்டு இதெல்லாம் சொன்னீங்க?"

டாக்டரம்மா மறுபடியும் அவர் தாடையைப் பிடித்தார். கண்ணாடியை அவர் வாயில் விட்டுப் பார்த்தார். அடைப்பின் மேல் எச்சில் பட்டு வெளுக்கத் தொடங்கியிருந்தது. கருவியால் லேசாகக் கீறினார். பொடியாக வந்தது. அவர் என்ன நினைத்தார் என்று முகத்தில் தெரியவில்லை.

"இவளுக்கு வாயே கெடையாது. வெளியாளு முன்னாடி ஒரு வார்த்தை வராது. இவள வச்சுக்கினு எப்படி குடும்பம் நடத்துவீங்க?"

"அத அவங்களத்தானம்மா கேக்கணும்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "சொல்லு. போறியா?"

சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஏப்ரனைக் கழற்றி, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினேன். மடிப்புக் கலையாமல் மாட்டினேன்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரைவரை மறுபடியும் படுக்கச் சொன்னார். நான் பழக்கத்தில் பொடியை எடுக்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார். கெட்ட அடைப்பை முழுக்கச் சுரண்டி எடுத்தார். தானே குழைத்தார். தானே பஞ்சு வைத்து, இடது கை விரலால் அழுத்திக்கொண்டு, வலது கையால் அடைத்தார். அந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். புதுப் பூச்சைப் பூசி நீல விளக்கைக் காட்டினார். பிறகு இன்னொரு தடவை பூசி மறுபடியும் காட்டினார். அவ்வளவு பொறுமையாக அவர் யாருக்கும் அடைத்து நான் பார்த்ததில்லை.

முடித்துவிட்டு எல்லாருக்கும் சொல்கிற குரலில் சொன்னார்: "ஒரு மணி நேரம் தண்ணி கூடாது, டீ கூடாது, பேச்சு கூடாது. ஒரு நாளைக்கு இந்தப் பக்கம் மெல்லாதீங்க. இறுகட்டும்."

மாடிப்படிக் கதவின் தாழ்ப்பாளை அவரே நீக்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கடந்து போகும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொல்வார் என்று காத்திருந்தேன். போனதும் போன் பண்ணு என்று அன்றைக்குச் சொல்லவில்லை. கீழ்ப்படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்தே இருந்தது. அவர் உள்ளே போயிருந்தார்.

பஸ் நிறுத்தம் வரை டிரைவர் முன்னாலும் நான் பின்னாலுமாக நடந்தோம். வேலூர் போகிற பிரைவேட் பஸ். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நான் முன்பக்கம் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தேன். அவர் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றார். கண்டக்டர் அவரிடம் வந்தார்.

"எங்க சார்?"

அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு சரி. எங்க?"

அவர் கையால் முன்னால் காட்டினார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

"வாய்ல இன்னா கொழுக்கட்டையா? ஊரு பேரு சொல்லு சார். பின்னால எத்தினி பேரு நிக்கிறாங்க, பேஜார் பண்ணாத."

பின்னால் யாரோ, "பாவம், ஊமை போலக்குதுப்பா" என்றார்கள். இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அவர் பாக்கெட்டைத் தடவினார், என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததால் கண்டக்டர் பார்த்தார். கண்டக்டர் பார்த்ததால் பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. என் பக்கத்தில் இருந்த அம்மா, "உன் வீட்டு ஆளா?" என்று கேட்டாள்.

நான் எழுந்து நின்றேன். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு மாதனூர்!" என்றேன். "அவருக்கும் எனக்கும். அவரு ஊமை இல்ல, பல்லு அடைச்சிருக்குது. பேசக் கூடாது."

நான் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது. அந்தப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். கண்டக்டர் இரண்டு டிக்கெட்டையும் சேர்த்துக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

பின்னால் அவர் சிரிக்க வாயைத் திறந்தார்.

"மூடுங்க," என்றேன் நான், அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "இன்னும் ஒரு மணி நேரம் ஆவல."